முப்பது மீட்டர்

அளவு நாடாவின் ஒரு முனையைப்
பூசாரி வெள்ளையப்பன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்,
ஏதோ பாம்பின் வாலைப் பிடிப்பதுபோல.
மறுமுனையோடு நான் நடந்தேன்,
பத்து செலாசே தோட்டத்து அம்மன் கோயில் கிணற்றிலிருந்து
புதுக் கழிப்பறையின் மலக்குழி மூடி வரை.

பதினொன்று மீட்டர், நாற்பது சென்டி.
மாவட்ட மன்றத்தின் விதி கேட்பது முப்பது.

"அம்மனுக்கே அளவு சொல்றியாம்மா?"
என்றார் பொருளாளர் மாசிலாமணி.
கழிப்பறைச் சுவரின் சலவைக்கல்லில்
'உபயம்' என்ற சொல்லுக்குக் கீழே அவர் பெயர்.
"நாப்பது வருசமா குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

சாகவில்லை.
மார்ச்சில் ஏழாம் லயத்தில் பதினாலு பேருக்கு வயிற்றுப்போக்கு.
அமிர்தவல்லியின் மகள்
தைப்பிங் ஆஸ்பத்திரியில் மூன்று நாள்.
அவ்வளவுதான், அவர் சொன்னது சரி.

தோட்டம் கைமாறிய பிறகு
குழாயில் வாரத்துக்கு நான்கு நாள் காற்று வருகிறது.
அதனால் கிணறு.
அபிஷேகத்துக்கும் அதே கிணறு.
இரவு ஷிப்டு முடிந்து
செம்பனை ஆலையின் வங்காளதேசத்துப் பையன்கள் இருபத்தாறு பேர்
குளிப்பதும் குடிப்பதும் அதில்தான்.
கோயில் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் இல்லை.
என் பதிவேட்டில் இருக்கிறார்கள்: 'மற்றவர்கள்'.

தண்ணீரைக் குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து
ஈப்போவுக்கு அனுப்பினேன்.
திரும்பி வந்த தாளில் ஓர் எண்.
எண்ணை யார் மோந்து பார்ப்பது?
மாசிலாமணி ஒரு செம்பு மொண்டு
என் கண்ணெதிரே மடக்மடக்கென்று குடித்தார்.
கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதுதான் தொல்லை.

துவான் ரஷிட்டின் அலமாரியில்
ஒரு டப்பா சாயம் கிடந்தது.
குழுவிடம் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.
திங்களன்று கழிப்பறையில் கொட்டி
பத்து வாளி ஊற்றினேன்.

செவ்வாய் ஒன்றுமில்லை.
புதன் மழை, வியாழனும் மழை.
வெள்ளி காலை ஆறு மணிக்குப் பூசாரியின் அழைப்பு:
"குணசுந்தரி, வா."

வாளியில் பச்சை.
வேப்பிலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை;
பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் கோடிழுக்கும்
அந்தப் பேனாவின் பச்சை.
விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல்
ஒரு குடம் அம்மன் தோளில் இறங்கிவிட்டதாம்.
சீனன் கடையில் போத்தல் தண்ணீர் எட்டு வாங்கி வந்து
அவளை மறுபடி குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
அவர் கை நடுங்கியது.

மாசிலாமணி வாளியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.
"சாயம் மட்டும்தானே வந்திருக்கும்?"
கேட்ட பிறகுதான்
தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே விளங்கியது.
வாயைத் துடைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன்.
கிணற்றை மூடு. குழியை இடம் மாற்று. பதினாலு நாள்.
இணைப்புக்காகப் பழைய கோப்பிலிருந்து
கழிப்பறையின் வரைபடத்தை உருவினேன்.
கோயில் இருந்தது, வேலி இருந்தது,
ஆலமரம்கூட ஒரு வட்டமாய் இருந்தது.
கிணறு இல்லை.
மூலையில் மன்றத்தின் முத்திரை.
'இடம் பார்த்து ஒப்புதல்' என்ற கட்டத்தில்
கு.சு. என்று என் கை.

அன்றைக்கு ஏழு கோப்பு இருந்தது. வெயில் வேறு.
வண்டியை விட்டு நான் இறங்கியிருக்க மாட்டேன்.

அந்தத் தாளையும் நகலெடுத்து
நோட்டீஸோடு பின் அடித்தேன்.
துவான் ரஷிட் பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை,
வைக்கவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கிணற்று வாயில் பலகை அடித்தோம்,
மலாயிலும் தமிழிலும்.
இரவில் பையன்கள் துண்டோடு வந்து நின்றார்கள்.
ஷஃபிகுல் என்பவன் சாக்பீஸ் கேட்டு வாங்கி
அடியில் தன் எழுத்தில் ஒரு வரி எழுதினான்.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
பிறகு காலி வாளியைக் காட்டி,
"தண்ணி?" என்றான்.

தண்ணீர் லோரி திங்கட்கிழமை.